இந்த லோடு யாருக்கு?

உருளைக்கிழங்கு என்றால் அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம்தான். அந்த மாநிலத்து உணவு வங்கிக்குத் தலைமையகத்திலிருந்து தகவல் வரும்: “உங்கள் முறை வந்துவிட்டது. ஒரு லாரி உருளைக்கிழங்கு இருக்கிறது. எடுத்துக்கொள்கிறீர்களா?” திருநெல்வேலிக்கே அல்வாவா என்று நாம் கேட்போம். ஐடஹோக்காரர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டிருப்பார்கள். 2005க்கு முன்னால் அமெரிக்க உணவு வங்கிகளுக்குள் சரக்கு எப்படிப் பங்கிடப்பட்டது என்பதை விளக்க இன்றுவரை சொல்லப்படும் உதாரணம் இது.

அந்தப் பங்கீட்டு முறையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கணினியில் ஏற்றினார்கள். அதன் பெயர் சாய்ஸ் சிஸ்டம். நன்கொடையாக வந்த சரக்கை நாடு முழுக்க இருக்கும் கிடங்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த மென்பொருளுக்குள் ஒரு நாணயம் இருக்கிறது, தினசரி ஏலம் இருக்கிறது, வட்டியில்லாக் கடன் இருக்கிறது, நள்ளிரவில் நடக்கும் ஒரு வரவு வைப்பு இருக்கிறது. பசித்தவருக்குக் கொடுக்கும் சோற்றை ஏலம் விடுவதா என்று முகம் சுளித்தவர்கள் கூடி உட்கார்ந்து வடிவமைத்த ஏலம் அது.

முதலில் உணவு வங்கி என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அன்னதானக் கூடம் என்றோ இலவசச் சாப்பாட்டுக் கடை என்றோ நினைத்துவிடக் கூடாது. அது ஒரு கோடவுன். ஃபோர்க்லிஃப்ட் ஓடும், பேலட் பேலட்டாக அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கும், ஒரு பக்கம் குளிர்பதன அறை இருக்கும். தேவாலயங்கள், பள்ளிகள், தெருமுனைத் தொண்டு நிலையங்கள் எல்லாம் அங்கிருந்து எடுத்துப்போய் மக்களுக்குக் கொடுக்கும். நேரடியாகக் குடும்பங்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் அந்தச் சின்ன நிலையங்கள்தான். உணவு வங்கி மொத்த வியாபாரி மாதிரி, பின்னால் இருக்கும்.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைத்தவர் ஜான் வான் ஹெங்கல். அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ் நகரத்தில் ஏழைகளுக்கான சமையற்கூடம் ஒன்றில் தொண்டு செய்துகொண்டிருந்தார். மளிகைக் கடைகளின் பின்பக்கக் குப்பைத் தொட்டியிலிருந்து நல்ல பண்டங்களைப் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு தாய், வங்கியில் பணம் போட்டு எடுப்பது மாதிரி உணவைப் போட்டு எடுக்க ஓரிடம் இருந்தால் தேவலை என்று அவரிடம் சொன்னாராம். 1967ல் செயின்ட் மேரி தேவாலயம் பாழடைந்த ஒரு பேக்கரிக் கட்டடத்தையும் 3,000 டாலரையும் கொடுத்தது. உலகின் முதல் உணவு வங்கி அதில் தொடங்கியது. 1976ல் வரிச் சட்டம் திருத்தப்பட்டு, சரக்கை நன்கொடையாகக் கொடுக்கும் கம்பெனிகளுக்குச் சலுகை கூடியது. 1979ல் நாடு தழுவிய அமைப்பு ஒன்று உருவானது. ‘செகண்ட் ஹார்வெஸ்ட்’ என்று தொடங்கி, ‘அமெரிக்காஸ் செகண்ட் ஹார்வெஸ்ட்’ ஆகி, 2008 முதல் ‘ஃபீடிங் அமெரிக்கா’ என்று அறியப்படும் அமைப்பு அதுதான். தலைமையகம் சிகாகோ. 200க்கும் மேற்பட்ட உணவு வங்கிகள் அதன் கீழ் இருக்கின்றன.

உள்ளூர்க் கடைக்காரர் கொடுக்கும் ரொட்டி, பக்கத்து ஊர் விவசாயி கொடுக்கும் காய்கறி எல்லாம் அந்தந்த உணவு வங்கிக்கு நேராகப் போய்ச் சேரும். தலைமையகத்துக்கு அதில் வேலை இல்லை. பெரிய கம்பெனிகளின் சரக்குதான் தலைமையகம் வழியாக வரும். லேபிளில் அச்சுப் பிழையான ஒரு லாட், விற்பனைக்கு அதிகமாகத் தயாரித்துவிட்ட காலை உணவுச் சீரியல், காலாவதிக்கு இன்னும் சில மாதம் பாக்கியிருக்கும் சரக்கு என்று லாரிக் கணக்கில் வரும். ஆண்டுக்குச் சுமார் 30 கோடி பவுண்டு, அதாவது பதிமூன்றரைக் கோடி கிலோவுக்கும் மேல். இதை யாருக்கு அனுப்புவது என்பதுதான் கேள்வி.

பழைய பதில் நேர்மையானது, எளிமையானதும்கூட. ஒவ்வொரு உணவு வங்கியின் பகுதியிலும் எத்தனை ஏழைகள் இருக்கிறார்கள் என்று ஒரு கணக்கு. அவர்களில் ஆளுக்கு எத்தனை பவுண்டு இதுவரை போயிருக்கிறது என்று இன்னொரு கணக்கு. யாருக்குக் குறைவாகப் போயிருக்கிறதோ அவர் வரிசையின் முன்னால் நிற்பார். லோடு வந்ததும் அவருக்குத் தகவல் போகும். வேண்டுமா, வேண்டாமா என்று சொல்ல நாலிலிருந்து ஆறு மணி நேரம். வேண்டாம் என்றால் அடுத்தவரைக் கேட்பார்கள். அவரும் வேண்டாம் என்றால் அதற்கடுத்தவர். லாரி வாடகை எடுத்துக்கொள்பவர் பொறுப்பு.

இந்த முறையில் ஒருவர் மற்றவரை ஏமாற்ற முடியாது. தாளில் எழுதிப் பார்த்தால் குறை சொல்லவும் இடமில்லை. ஆனால் அந்தக் கணக்கு எல்லாவற்றையும் எடையில் பார்த்தது. ஒரு பவுண்டு வேர்க்கடலை வெண்ணெயும் ஒரு பவுண்டு முட்டைக்கோஸும் அதற்கு ஒன்றுதான். வேர்க்கடலை வெண்ணெய் மாதக்கணக்கில் அலமாரியில் உட்காரும், புரதம் உண்டு, பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும். முட்டைக்கோஸுக்குக் குளிர் அறை வேண்டும், சீக்கிரம் கொடுத்துத் தீர்க்க வேண்டும், கலிஃபோர்னியாவில் இருக்கும் உணவு வங்கிக்கு அது பக்கத்து வயலிலேயே கிடைக்கும். வரிசைக்கு இதெல்லாம் தெரியாது.

அதைவிடப் பெரிய குருட்டுத்தனம் ஒன்று இருந்தது. உணவு வங்கிகளுக்கு வரும் சரக்கில் தலைமையகம் அனுப்புவது ஒரு பகுதிதான். மிச்சமெல்லாம் உள்ளூர் வரத்தும் அரசுச் சரக்கும். ஆகவே ஒரு கிடங்கில் இன்று என்ன இருக்கிறது, என்ன தீர்ந்துவிட்டது என்பது அந்தக் கிடங்கின் மேலாளருக்குத்தான் தெரியும். சிகாகோவில் இருப்பவருக்குத் தெரியாது. தினமும் இருப்புப் பட்டியலை அனுப்பச் சொல்லலாமே என்று தோன்றும். மென்பொருள் எழுதுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள்: எல்லாக் கிடங்கின் இருப்பும் ஒரே திரையில், நேரடியாக. ஆனால் யோசித்துப் பாருங்கள். என்னிடம் நிறைய இருக்கிறது என்று உண்மையைச் சொன்னால் எனக்கு வர வேண்டியது குறையும் என்று தெரிந்தால் எந்த மேலாளர் உண்மையைச் சொல்வார்? கெட்ட எண்ணத்தில் இல்லை, அவரை நம்பி நிற்பவர்களுக்காகவே குறைத்துச் சொல்வார். கேட்டு வாங்க முடியாத தகவல் இது. அவர்கள் செய்யும் வேலையிலிருந்தே அது வெளிப்பட்டாக வேண்டும்.

2004ல் சிகாகோ பல்கலைக்கழக வணிகப் பள்ளிப் பேராசிரியர்கள் நால்வரும், உணவு வங்கிகளின் இயக்குநர்கள் சிலரும், தலைமையக ஊழியர்களும் சேர்ந்து ஒரு குழுவாக உட்கார்ந்தார்கள். ஹாரி டேவிஸ், டான் ஐசன்ஸ்டைன், ராபர்ட் ஹமாடா, கேனிஸ் ப்ரெண்டர்காஸ்ட் ஆகியோர்தான் அந்த நால்வர். இதில் அயர்லாந்துக்காரரான ப்ரெண்டர்காஸ்ட்தான் பின்னால் இந்தக் கதையை ஆய்வுக் கட்டுரைகளாக எழுதினார். சிகாகோ பல்கலைக்கழகம் என்றாலே சந்தைப் பொருளாதாரத்தின் கோட்டை என்று உலகத்துக்குத் தெரியும். அங்கிருந்து வந்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? சந்தை வையுங்கள் என்றார்கள்.

எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு ரகம். இலாபம் வேண்டாம் என்று ஒதுங்கி வந்து கோடவுனில் வாழ்க்கையைக் கழித்தவர்கள். அவர்களில் ஒருவர் ஜான் ஆர்னால்ட். மிச்சிகன் மாநிலத்தின் மேற்குப் பகுதி உணவு வங்கியை நடத்தியவர். தான் ஒரு சோஷலிஸ்ட், அதனால்தான் உணவு வங்கி நடத்துகிறேன், சந்தையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று கூட்டத்திலேயே முகத்துக்கு நேராகச் சொன்னவர். நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் நான் எதிர்ப்பேன் என்றாராம்.

என் கணிப்பில், இந்த மென்பொருள் உருப்பட்டதற்கு அந்த எதிர்ப்பு ஒரு முக்கியக் காரணம். பொருளாதார நிபுணர்களை மட்டும் தனியாக விட்டிருந்தால் அழகான ஏலம் ஒன்றை அமைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதில் பெரிய ஊர்க்காரர்கள் ஜெயித்திருப்பார்கள். எதிர்த்தவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அந்த வடிவமைப்பில் ஒரு பதில் வைக்க வேண்டி வந்தது. சாய்ஸ் சிஸ்டத்தின் சுவையான பகுதிகள் எல்லாம் அந்தப் பதில்கள்தான்.

முதல் கேள்வி: பணக்கார உணவு வங்கி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடாதா? பதில்: நிஜப் பணமே வேண்டாம். ஏலத்துக்கென்றே ஒரு நாணயம். பெயர் ஷேர். அதை வைத்துக் கடையில் ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது. தலைமையகம் அனுப்பும் லோடுகளை ஏலம் கேட்க மட்டும்தான் செல்லும். பணம் திரட்டும் திறமை உள்ளவருக்கு அதிக ஷேர் என்பதில்லை. எந்தப் பகுதியில் தேவை அதிகமோ அந்த உணவு வங்கிக்கு அதிக ஷேர். பழைய வரிசையில் யார் முன்னால் நிற்பது என்று தீர்மானித்த அதே தேவைக் கணக்கு, இப்போது யார் கையில் எவ்வளவு ஷேர் என்று தீர்மானித்தது. ஆகவே பழைய முறையின் நியாயம் புது முறையிலும் அப்படியே தங்கியது.

இரண்டாவது கேள்வி: செலவழித்த ஷேர் எங்கே போகும்? இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அன்று ஏலத்தில் செலவான ஷேர்கள் அனைத்தும் நள்ளிரவில் எல்லா உணவு வங்கிகளுக்கும் தேவைக் கணக்கின்படி திரும்பப் பிரித்துப் போடப்படும். ஒரு பெரிய வங்கி சீரியல் லோடுக்கு ஏராளமாகக் கொடுத்து வாங்கினால், அது கொடுத்த விலையில் ஒரு பகுதி மறுநாள் காலையில் சின்ன வங்கிகளின் கணக்கில் வந்து நிற்கும். விலையுயர்ந்த சரக்கை எடுத்தவர் எடுக்காதவருக்கு ஈடு கொடுக்கிறார் என்று பொருள். ரிசர்வ் வங்கி செய்யும் வேலையைப் பண்டகசாலை மென்பொருள் ஒன்று ராத்திரியில் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. வரத்து கூடினாலும் குறைந்தாலும் விலைவாசி கன்னாபின்னாவென்று ஏறி இறங்கக் கூடாது என்பதற்காக மொத்த ஷேர் புழக்கத்தையும் கவனித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது: சின்ன வங்கி ஒரு முழு லோடுக்குப் போதுமான ஷேரைச் சேர்க்கவே மாதங்கள் ஆகுமே? அதற்கு வட்டியில்லாக் கடன். வரப்போகும் ஷேரை முன்கூட்டியே செலவழிக்கலாம். ஒரு லாரிச் சரக்கு ஒருவருக்கு அதிகம் என்றால் இரண்டு வங்கிகள் சேர்ந்து கேட்டுப் பிரித்துக்கொள்ளலாம்.

நான்காவது கேள்வி கிடங்கில் வேலை செய்தவருக்குத்தான் தோன்றும். பெரிய ஊர் உணவு வங்கியில் கொள்முதலுக்கென்று ஆள் இருப்பார். சின்ன ஊரில் இயக்குநரே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார், அவரே நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம் எழுதுவார். அவர் எப்போது திரை முன் உட்கார்ந்து ஏலம் கேட்பது? இதற்கு இரண்டு பதில்கள். ஒன்று, ஏலம் மூடிய டெண்டர் முறை. வார நாட்களில் தினம் இரண்டு முறை. நாம் கொடுக்க நினைக்கும் விலையைப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். அதிகம் போட்டவருக்கு லோடு, போட்ட விலையே விலை. ஒருவர் ஏற்ற இன்னொருவர் ஏற்ற என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இரண்டாவது, அதுவும் முடியாதவர் தலைமையக ஊழியர் ஒருவரிடம் தன் சார்பில் கேட்கச் சொல்லி ஒப்படைத்துவிடலாம். மென்பொருள் வடிவமைப்பில் இந்த இரண்டாவது வழியைப் பலர் தோல்வியாக நினைப்பார்கள். பயனர் கற்றுக்கொள்ளட்டும், பயிற்சி வகுப்பு வைக்கலாம் என்பார்கள். இங்கே மனிதர் ஒருவரையே வடிவமைப்பின் பாகமாக வைத்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம்.

ஐந்தாவது: யாருக்குமே வேண்டாத சரக்கு வந்தால்? நன்கொடை தரும் கம்பெனியிடம் வேண்டாம் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. பத்து லோடு தருகிறேன் என்பவரிடம் எட்டை எடுத்துக்கொண்டு இரண்டைத் தள்ளினால், அடுத்த முறை அவர் பத்தையும் குப்பைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார். கம்பெனிக்கு வேண்டியது தன் கோடவுன் சீக்கிரம் காலியாவதுதான். ஆகவே சாய்ஸ் சிஸ்டத்தில் விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். மைனஸ் 2,000 ஷேர் வரை கேட்கலாம். அதாவது, இந்தச் சரக்கை நான் எடுத்துக்கொள்கிறேன், அதற்கு எனக்கு இவ்வளவு ஷேர் கொடுங்கள் என்று சொல்லலாம். கிடங்கில் இடம் காலியாக இருப்பவர், லாரிக்கூலி குறைவாக ஆகும் தூரத்தில் இருப்பவர் முன்வருவார். அவருக்குக் கிடைத்த ஷேரை வைத்து அடுத்த வாரம் நல்ல சரக்கு கேட்பார். இது வெறும் கணக்கு வித்தை அல்ல. மொத்த அமைப்புக்கும் ஒரு உதவி செய்தவருக்குக் கூலி.

இன்னொன்றையும் சேர்த்தார்கள். ஒரு வங்கிக்கு உள்ளூரிலேயே ஏதோ ஒரு பண்டம் மலைபோலக் குவிந்துவிட்டால் அதை ஏலத்தில் விற்கலாம். கிடைக்கும் ஷேரில் பத்தில் ஒரு பங்கு பொதுவில் போகும், மிச்சம் விற்றவருக்கு. ஐடஹோவின் நிலைமை இதோடு தலைகீழானது. உருளைக்கிழங்கு வந்து இறங்கிய ஊர், இப்போது உருளைக்கிழங்கை விற்றுச் சீரியல் வாங்கலாம்.

2005 ஜூலையில் சாய்ஸ் சிஸ்டம் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் வான் ஹெங்கல் காலமானார்.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்யும் என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அலாஸ்காவில் ஒரு உணவு வங்கி. காலையில் திரையைத் திறக்கிறார் மேலாளர். பட்டியலில் நாலு லோடு: ஃப்ளோரிடாவில் பழச்சாறு, வாஷிங்டன் மாநிலத்தில் ஆப்பிள், ஓஹையோவில் பாஸ்தா, ஓரிகானில் உறைந்த காய்கறி. பழைய முறையில் இவற்றில் ஏதாவது ஒன்று அவர் தலையில் வந்து விழுந்திருக்கும். அது ஃப்ளோரிடா பழச்சாறாகவும் இருந்திருக்கலாம், நாட்டின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு. இப்போது அவர் கணக்குப் போடுகிறார். பழச்சாறு என்பது பெரும்பாலும் தண்ணீர். அதைக் கண்டம் தாண்டிக் கொண்டுவரும் கப்பல் கூலிக்குக் கட்டுபடியாகாது. ஆப்பிளும் உறைந்த காய்கறியும் பக்கத்துக் கரையிலிருந்து ஏற்றலாம், ஆனால் குளிர் அறை பாதி நிரம்பியிருக்கிறது, மீன் வேறு வரப்போகிறது. பாஸ்தா தூரம்தான்; ஆனாலும் குளிர்காலம் முழுக்க வைத்துக் கொடுக்கலாம். பாஸ்தாவுக்கு உதாரணத்துக்கு 9,000 ஷேர் போடுகிறார், ஆப்பிளுக்கு 200. மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறார். அவர் மனதுக்குள் ஓடிய அந்தக் கணக்கு முழுவதும், குளிர் அறை, மீன், கப்பல் கூலி, குளிர்காலம் எல்லாம், இரண்டே எண்களாகச் சிகாகோவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எந்தப் படிவத்திலும் அவர் எதையும் நிரப்பவில்லை. பொய் சொல்ல அவருக்குக் காரணமும் இல்லை.

விலைகள் வெளிவந்ததும் பலருக்கு ஆச்சரியம். சீரியல், பாஸ்தா, வேர்க்கடலை வெண்ணெய் மாதிரி கெடாமல் நிற்கும் பண்டங்கள் எகிறின. காய்கறியும் பழமும் பல நாட்கள் பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தன. கடை விலையில் இருக்கும் வித்தியாசத்தைவிட இங்கே வித்தியாசம் பல மடங்கு. எல்லாப் பவுண்டும் ஒன்றே என்று இத்தனை வருடமாக நடத்திய கணக்கு உண்மையிலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்பதை இந்த விலைப்பட்டியலே காட்டிக்கொடுத்தது.

சின்ன வங்கிகள் நசுங்கிப்போகும் என்றுதான் எதிர்த்தவர்கள் பயந்தார்கள். நடந்தது வேறு. பெரிய உற்பத்திக் கம்பெனிகள் அருகில் இருக்கும் வங்கிகளுக்கு உள்ளூர் வரத்தே போதுமானதாக இருந்தது. அவர்கள் ஷேரைச் சேமித்து வைத்து, எப்போதாவது ஒரு முறை உயர்ந்த சரக்காகப் பார்த்து வாங்கினார்கள். வரத்து குறைந்த சின்ன வங்கிகளோ மலிவான சரக்கைக் குவித்தன. ப்ரெண்டர்காஸ்ட் 2022ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பயனாளிக்கு எத்தனை பவுண்டு என்று பார்த்தால் சின்ன வங்கிகள் பெரியவற்றைவிட 72 சதவீதம் அதிகம் எடுத்தன. அதனால் ஊட்டச்சத்தில் பெரிய நஷ்டமும் இல்லை. வங்கிகள் முன்னைவிட வெகு அருகிலிருந்தே சரக்கு எடுத்தன; லாரி ஓடும் தூரம் குறைந்தது. பவுண்டை மட்டும் எண்ணாமல் வாங்குபவர் கண்ணில் அதன் மதிப்பு என்ன என்று பார்த்தால், இந்த மறுபங்கீட்டால் மட்டும் உணவின் மதிப்பு 21 சதவீதம் கூடியது, ஆண்டுக்கு 11.5 கோடி டாலர் என்பது அவர் மதிப்பீடு. வடிவமைத்தவர்களில் ஒருவரே போட்ட கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கைக்கு வந்த ஏலப் பதிவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. வெறும் பெருமைப் பேச்சு இல்லை.

பசிக்குச் சந்தை தீர்வு என்று இதை வைத்துக் கொடி பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. இங்கே நாணயம் தேவைக்கு ஏற்பத் தினமும் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கடனுக்கு வட்டி இல்லை. ஏலம் கேட்கத் தெரியாதவருக்குப் பதிலாகக் கேட்க ஆள் வைத்திருக்கிறார்கள். ஜெயித்தவர் செலவழித்தது தோற்றவருக்கே திரும்பிப் போகிறது. உலகத்தில் எந்தக் கடைத்தெருவும் இப்படி நடப்பதில்லை. விலை என்ற ஒரே ஒரு கருவியை மட்டும் சந்தையிடமிருந்து இரவல் வாங்கிக்கொண்டு, மிச்சத்தையெல்லாம் ஆர்னால்ட் மாதிரி ஆட்கள் ஒத்துக்கொள்ளும் வகையில் மாற்றியிருக்கிறார்கள். அவரும் கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அந்த ஆர்னால்டைப் பற்றி இன்னொரு செய்தி உண்டு. தொண்டு நிலையங்கள் முன்கூட்டியே பை கட்டிக் கொடுக்கும் வழக்கத்தை அவர் பல ஆண்டுகளாக எதிர்த்துவந்தார். கட்டிக் கொடுக்கும் பையில் பாதிப் பண்டம் அந்தக் குடும்பத்துக்கு உதவாது, அலமாரியைத் திறந்துவிடுங்கள், வேண்டியதை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. அதைப் புத்தகமாகவே எழுதினார். யோசித்தால், ஐடஹோவுக்கு உருளைக்கிழங்கு போவதும், சர்க்கரை நோயாளியின் பையில் ஜாம் பாட்டில் போவதும் ஒரே தவறுதான். முதலாவதைச் சரிசெய்யப் பேராசிரியர்கள் வந்தார்கள், மென்பொருள் வந்தது. ஆர்னால்ட் 2012ல் காலமானார்.

சாய்ஸ் சிஸ்டத்தின் ஷேர் கிடங்குகளோடு நின்றுவிடுகிறது. பை வாங்க வரும் குடும்பத்திடம் என்ன வேண்டும் என்று கேட்பதா, கட்டி வைத்த பையை நீட்டுவதா என்பது இன்றைக்கும் அந்தந்தத் தெருமுனை நிலையத்தின் விருப்பம்.